கழிப்பறை கழுவும் போதகர்

விடியற்காலையில் ஆலயக் கழிப்பறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால், உள்ளே இருப்பது எங்கள் போதகர். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பிரசங்கக் குறிப்பு சட்டைப்பையில்தான். பாதி நாள் அது நனைந்துவிடும். "மூணாவது குறிப்பு கரைஞ்சு போச்சு, நீங்களே யோசிச்சுக்கோங்க" என்று மேடையிலேயே சொல்லிவிடுவார்.

ஒல்லியான மனிதர். செருப்பு எப்போதும் ஒரு சைஸ் பெரிது. யாராவது தடுத்தால், "நான் செஞ்சா தேஞ்சா போயிடுவேன்?" என்பார். சபைக் குழுவின் செயலாளரான எனக்கு இதில் ஏகப் பெருமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பெருமையில்தான் கோட்டைவிட்டோம். போன மாதம் அவர் ஊரில் இல்லாத சமயம் குழு கூடியது. "பாஸ்டரே கழுவுறாரு, அப்புறம் ஆள் எதுக்கு?" என்றார் பொருளாளர். ஆலயத்தில் சம்பளத்துக்குத் துப்புரவு வேலை செய்யும் அக்காவை நிறுத்துவதென்று முடிவாயிற்று. கையெழுத்துப் போட்டதில் நானும் ஒருவன்.

போதகர் திரும்பிய அன்றே அக்கா வந்து நின்றார். "நீங்க நல்ல மனசுலதான் செஞ்சீங்க ஐயா. ஆனா என் பிழைப்பு போச்சே." போதகர் திருதிருவென விழித்தார். அக்கா போன பிறகு என்னிடம், "ஊழியம்னுதானே நினைச்சேன் அண்ணே. அவங்க வேலையைப் பிடுங்கிட்டேனா?" என்றார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? தப்பு அவருடையதா, எங்களுடையதா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெட்கமாக மட்டும் இருந்தது.

அன்று மாலையே குழுவைக் கூட்டினார். எப்போதும் கதவோரம் உட்காருகிறவர் நேரே போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அக்கா நாளைக்கு வேலைக்கு வருவாங்க. தப்பு என்னுது. இதுல ஓட்டெடுப்பு வேண்டாம்." குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பொருளாளர் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டார். இது பணிவா, அதிகாரமா என்று யோசித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை அக்கா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். போதகர் வாசலில் நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல்.

"இங்க ஏன் ஐயா நிக்கிறீங்க?"

"பழக்கதோஷம் அக்கா."

துணியைப் பிழிய அக்கா பிரஷைக் கீழே வைத்தார். போதகரின் கை தானாக அதன் பக்கம் நீண்டது. பாதியில் நிறுத்தி, அந்தக் கையை மறு கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.