கம்பெனி பஸ்ஸில் அணுப் பாடம்

இன்று காலை குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறியதும், பக்கத்து சீட் மல்லிகா அக்கா ஒன்பதாவது படிக்கும் மகளுக்குப் போனில் ஸ்பீக்கர் போட்டுப் பரீட்சைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நடுவுல அணுக்கரு கீது. சூரியன கிரகம் சுத்துற மாரி எலக்ட்ரான் அத்த சுத்திகினே இருக்கும்டி."

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, அது நூறு வருஷத்துப் பழைய கதை. இப்ப எலக்ட்ரான் மேகம் மாதிரி பரவியிருக்குன்னு மாத்திட்டாங்க" என்றேன், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

மகளுக்கும் கேட்டுவிட்டது. "தெரியாதத ஏம்மா சொல்லித் தர்ற?" என்று போனை வைத்துவிட்டாள்.

கம்பெனி இருக்கும் ஒரகடம் வரை அக்கா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

டீ பிரேக்கில் ஒன்பதாவது பள்ளிப் புத்தகத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். அக்கா சொன்னதுதான் பாடம். மார்க்கும் அதற்குத்தான். வெட்கமாகிவிட்டது.

சாயந்திரம் அதே பஸ். மன்னிப்பை எப்படி ஆரம்பிப்பது? இந்த முறை மெதுவாகத்தான் பேசுவேன்.