வண்டிக்குத் தெரியாமல் மாட்டிய ஸ்டியரிங்

அந்த ஸ்டியரிங்கை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதன் நாற்றம். சுற்றிலும் வெல்வெட் மாதிரி ஒரு கறுப்புத் துணி, அதில் சிவப்பு நூல் தையல். குளிர்ந்த ஊர்களுக்காகச் செய்த சாமான் போலிருக்கிறது. எங்கள் தூத்துக்குடிக் காற்றில் உப்பும் ஈரமும் ஒருநாளும் ஓய்வதில்லை. மூன்றாம் நாளே துணி பிசுபிசுத்தது. இரண்டாம் வாரம், காயாத சாக்ஸைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் சாப்பிட உட்கார்ந்தேன். அப்போதும் விரலில் அந்த வாடை இருந்தது.

துறைமுகத்தில் கப்பல்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுவது என் வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. காரின் டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். என்றைக்கு எண்ணெய் மாற்றினோம், என்றைக்கு டயர் பஞ்சர் ஆனது, எல்லாம் அதில் இருக்கும். ஆகவே நாட்களில் எனக்குக் குழப்பம் இல்லை. கார் என் மனைவியுடையது. சாயர்புரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை அவள். முழங்கால் வலிக்குக் கிளட்ச் ஆகாது என்று கியர் தானாக மாறும் வண்டியாக வாங்கினோம். போகவும் வரவும் கண்டெய்னர் லாரிகளுக்கும் உப்பு லாரிகளுக்கும் நடுவில்தான் அவள் ஓட்ட வேண்டும்.

சென்ற வருடம் ஆனியில் அவள் தம்பி துபாயிலிருந்து நாற்பது நாள் லீவில் உடன்குடிக்கு வந்தான். அக்காவைப் பார்க்க வந்தபோது பெட்டியிலிருந்து இந்த ஸ்டியரிங்கை எடுத்தான். அடிப்பக்கம் அரிவாளால் சீவியது போலத் தட்டை. பின்னால் மாட்ட யானைக் காது மாதிரி இரண்டு தகடுகள் தனியாக இருந்தன. பேடில் ஷிஃப்டர் என்றான். வலது காதை இழுத்தால் கியர் ஏறும், இடது காதை இழுத்தால் இறங்கும்.

"பந்தயக் காருக்குப் போடுதது, அக்கா. கைய எடுக்காமலே கியர் மாத்தலாம்."

"நான் யாருகூடல பந்தயம் போறேன்? பள்ளிக்கூடத்துல மணி அடிக்கதுக்குள்ள போய்ச் சேர்ந்தாப் போதும்" என்று சிரித்தாள். ஆனால் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் காப்பி குடித்தாள். எதிர்வீட்டுக்காரி வந்தபோது, "எந்தம்பி எனக்குன்னு தூக்கிட்டு வந்திருக்கான்" என்று காட்டினாள். தம்பி கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. லீவு முடிந்து அவன் விமானம் ஏறும்வரை அது அவன் கண்ணில் படவும் வேண்டும்.

அவன் வந்த பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை, நானும் அவனும் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனோம். மெக்கானிக் பழைய ஸ்டியரிங்கைக் கழற்றி, நடுவிலிருந்த ஏர்பேக்கோடு என் கையில் கொடுத்தான்.

"இது புதுசுல உக்காராது அண்ணாச்சி. ஏர்பேக் இல்லன்னா மீட்டர்ல சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு சின்ன ரெசிஸ்டர் வச்சு விடுதேன். ஏர்பேக் இருக்குன்னு வண்டி நெனச்சிக்கிடும். வண்டிக்குத் தெரியாது."

"வண்டிக்கே தெரியாது, அக்காவுக்கு எங்க தெரியப் போவுது!" என்றான் மைத்துனன்.

மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நடந்தது அதுதான். அரிசி அளவு சாமான் ஒன்றை இரண்டு ஒயருக்கு நடுவில் அவன் பற்றவைப்பதைக் குனிந்து நின்று பார்த்தேன். லைட் அணைந்தது. "சரி" என்றேன். டேஷ்போர்டு நோட்டில், 'ஸ்டியரிங் மாற்றம். பேடில் ஷிஃப்டர். ஏர்பேக் அகற்றப்பட்டது' என்று பிழையில்லாமல் எழுதினேன். பழைய ஸ்டியரிங்கைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். அந்த நோட்டை அவள் பிரித்துப் பார்ப்பதில்லை. அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

என் திட்டம் எளிமையானது. இன்னும் முப்பது நாள். அவன் விமானம் ஏறியதும் பழையதை மாட்டிவிடலாம். யாருக்கும் மனவருத்தம் இல்லை. காலையில் அவள் புறப்பட்டதும் நேரம் குறிப்பேன். மாலையில் வந்ததும் குறிப்பேன். கப்பல்களுக்கு எழுதுவது போலத்தான். அன்றைய நாளை என் டைரியில் ஒரு புள்ளி வைத்துக் கழிப்பேன்.

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை மாலை அவள் இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முன்னால போன உப்பு லாரி சடார்னு நின்னுட்டான். நான் வளைக்கும்போது அந்தக் காது விரல்ல மாட்டி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச்சு. லாரிப் பலகைக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இருந்திருக்கும். ஸ்டியரிங் கையில வழுக்குது. தம்பி போறவரைக்கும் பொறுத்துக்கிடுவோம்னு பாத்தேன்." பிறகு ஆறுதலாகச் சொன்னாள்: "நல்லவேளை, இடிச்சாலும் ஏர்பேக் இருக்கு."

நான் சொல்லிவிட்டேன். ரெசிஸ்டரையும் சொன்னேன், பரணில் இருக்கும் சாக்கையும் சொன்னேன். சிரித்ததை மட்டும் சொல்லவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தன நாளு ஓட்டியிருக்கேன்?"

"பதினேழு."

யோசிக்காமல் வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

அந்த ஸ்டியரிங்கின் நாற்றம் என் மேலிருந்தே வருவது போல இருந்தது. மறந்துபோனேன் என்று சொல்லியிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரிந்தே போயிருக்கிறாள், தெரிந்தே வந்திருக்கிறாள். டைரியில் அதற்குப் பதினேழு புள்ளிகள்.

அன்றே தம்பிக்குப் போன் போட்டாள். நான் கேட்க வேண்டும் என்றுதானோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அட, பிடிக்கலன்னா அன்னைக்கே கழட்டியிருக்கலாமே அக்கா! இதுக்கு நான் என்ன கோவிக்கப் போறேனா? எங்கூட்டாளி ஒருத்தன் இங்கன கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குக் குடுத்துருதேன். அத்தான் ஒண்ணுமே சொல்லலயே, அவருக்குப் பிடிச்சிருக்குன்னுல்லா நெனச்சேன்."

அவ்வளவுதான். எதற்குப் பயந்து முப்பது நாள் காத்திருக்கத் துணிந்தேனோ அந்த மனவருத்தம், போனில் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

புதன்கிழமை அவள் பஸ்ஸில் பள்ளிக்குப் போனாள். மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். நான் சாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மெக்கானிக் என்னைப் பார்த்து, "ஆரம்பிச்சுருவமா அண்ணாச்சி?" என்றான்.

"எங்கிட்டக் கேளுப்பா. ஓட்டுதது நான்."

ரெசிஸ்டரை எடுத்துக் காட்டச் சொன்னாள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். ஏர்பேக்கை மாட்டுமுன் அதையும் காட்டச் சொன்னாள். லைட் எரியவில்லை என்று மெக்கானிக் சொன்னபோது, "அது முந்தியும்தான் எரியல" என்றாள். மறுநாள் லீவு போட்டுக் காரைக் கம்பெனி சர்வீஸுக்கு எடுத்துப் போய், கம்ப்யூட்டரில் பார்த்துச் சரி என்று தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் அதில் பள்ளிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. கோபமும் காட்டவில்லை. டேஷ்போர்டு நோட்டு அங்கேயே இருக்கிறது, நானும் எழுதுகிறேன். நேற்றுக் காலை, நான்கு டயரிலும் காற்றுப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

"சரி" என்றாள்.

போகிற வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, நான்கு டயருக்கும் காற்றுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.