ஆச்சான் லத்தாவான் சொன்ன ஒரே பொய்

ஆச்சான் லத்தாவான் என்ற பேராசிரியையிடம் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஆய்வக உதவியாளர் என்பது காகிதத்தில் இருந்த பதவி. வண்டி ஓட்டுவது, ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்குவது, உறைபெட்டி மெக்கானிக்கோடு சண்டை போடுவது எல்லாம் நான்தான். பல்கலைக்கழகத்தில் எல்லா ஆசிரியர்களையும் ஆச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் உயிர்வேதியியல் துறையில் வெறுமனே ஆச்சான் என்றால் அது அவர்தான்.

எண்களில் அவர் விளையாட விடமாட்டார். ஒரு மாணவன் 7.4 என்பதை ஏழு என்று எழுதிவிட்டான். "அந்தப் புள்ளி நாலு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டு, ஒரு வாரச் சோதனையை முதலிலிருந்து செய்யவைத்தார்.

எங்கள் வேலை முழுவதும் பான் நா தோன் என்ற கிராமத்தைச் சுற்றியே நடந்தது. வெள்ளீயச் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் கழிவு மேட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். மேட்டிலிருந்து ஆர்சனிக் கிணறுகளில் இறங்கியது. பெரியவர்களின் உள்ளங்கையில் விழுந்த கரும்புள்ளிகளை மற்ற ஆய்வாளர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஆச்சான் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையைப் பற்றி யோசித்தார். அந்த விஷம் மரபணுவை உடைக்கவே வேண்டாம், எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்ற ஒழுங்கைக் கலைத்தாலே போதும் என்பது அவர் எண்ணம். ஆய்வு தொடங்கி ஒன்பதாம் வருடம் ஓர் ஊர்க்கூட்டத்தில் இதை மறுபடி விளக்கியபோது, ரப்பர் பால் வெட்டும் மாலிவன் என்ற பெண் எழுந்து கேட்டாள்:

"அப்ப வயரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சுவிட்சத்தான் யாரோ மாத்திப் போட்டுட்டாங்கன்றீங்க?"

ஆச்சானுக்கு அவளை அன்றே பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு கிராமத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் சாப்பாடு. நாக்கு எரிகிற மீன் புளிக்குழம்பு, தொட்டுக்கொள்ளச் சத்தோ என்ற வாடையடிக்கும் பச்சைக் கொட்டை. மாலிவனுக்கு அப்போது ஐந்து மாதம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு தாய்மார்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தம் எடுப்போம். குப்பியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய பெட்டியில் இருந்தது. ஆய்வு முடியும்வரை அதைத் திறக்கக் கூடாது. யாருடைய ரத்தம் என்று தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்பார் ஆச்சான். விஷமுள்ள கிணறுகளில் குடிக்கக் கூடாது என்று பலகை மாட்டினோம். வீட்டுக்கு ஒரு பெரிய மழைநீர்ச் சாடி கொடுத்தோம். மார்ச் ஏப்ரலில் சாடிகள் காய்ந்துபோகும். அப்போது ஜனங்கள் மறுபடி கிணற்றுக்குப் போனார்கள். மாலிவனும் கடைசி இரண்டு மாதம் கொல்லைக் கிணற்றில்தான் குடித்தாள்.

ஜூன் மாதம் பையன் பிறந்தான். உட்காரும் விதத்தைப் பார்த்து கோப் என்று கூப்பிட்டார்கள், தவளை என்று பொருள். எட்டாம் மாதத்தில் அவனுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. மாவட்ட ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். ஐந்தாம் நாள் இல்லை.

எங்களுக்குத் தெரியாது. வழக்கம்போல, ஆர்சனிக் அளவு பார்க்கக் குழந்தையின் நகத்தை வெட்டி எடுக்க, கத்தரியும் காகித உறைகளுமாகப் போய் நின்றோம். தகனம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மாலிவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றார்கள். அவள் நாத்தனார் எங்களிடம் சொல்வதுபோல அவளைக் குத்தினாள்: "போர்டு மாட்டின கெணத்துல குடிச்சா புள்ள எப்படித் தங்கும்?"

மாலிவன் ஆச்சானைப் பார்த்தாள். "நான் குடிச்சதாலயா, ஆச்சான்?"

பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லி ஆச்சான் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை, பத்து வருடத்தில் முதல்முறையாக, தான் போட்ட விதியைத் தானே மீறிப் பெட்டியைத் திறந்தார். கோப் நூற்றுப் பதினேழாம் எண். ஆர்சனிக் மிக அதிகமாக இருந்த குழந்தைகளில் ஒருவன். நோயை எதிர்க்கும் மரபணுக்களின் ஒழுங்கும் நிறையக் கலைந்திருந்தது. அந்தத் தாளை என்னிடம் காட்டினார்.

"முந்நூத்திப் பன்னண்டு புள்ளைங்களைப் பத்திக் கேட்டா என்னால பதில் சொல்ல முடியும், விச்சியன். இந்த ஒருத்தன் எதனால போனான்னு கேட்டா எனக்குத் தெரியாது. சாதாரணச் சளியாவும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

இதைத்தான் மாலிவனிடமும் சொல்லப்போகிறார் என்று நினைத்து வண்டியை எடுத்தேன். ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும், நாத்தனார் காதிலும் விழும்படி, ஆச்சான் சத்தமாகச் சொன்னார்:

"உன் புள்ளையோட ரத்தம் சுத்தமா இருந்துச்சு. நீ குடிச்ச தண்ணி அவனை ஒண்ணும் பண்ணல."

மாலிவன் அப்போதுதான் அழுதாள் என்று நினைக்கிறேன். வெகுநேரம் அழுதாள். பிறகு யாரோ நீட்டிய கஞ்சியைக் குடித்தாள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது.

பதினான்கு மாதம் கழித்து ஒரு ஏப்ரல் மாதம் மறுபடி அந்த வீட்டுக்குப் போனோம். மாலிவனுக்கு ஆறு மாதம். முகத்தில் சதை பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வாசலில் சாடி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீருக்கு என்ன செய்கிறாய் என்று ஆச்சான் கேட்டார்.

"நம்ம கெணறு இருக்கே."

"போர்டு மாட்டியிருக்குல்ல, மாலிவன்?"

"அது ஊருக்கு. எங்க கெணறு ஒண்ணும் பண்ணலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆச்சான் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கோப்பின் எண், அவன் ரத்தத்தில் இருந்த அளவு, தான் பொய் சொன்னது, அவன் எதனால் செத்தான் என்று உண்மையாகவே தெரியாதது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

மாலிவன் கத்தவில்லை. கை வயிற்றின் மேல் இருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்னைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பாங்க. இருந்துட்டுப் போகட்டும். இவளுக்கு நான் வேற தண்ணி பாத்திருப்பேனே, ஆச்சான்."

அதற்குமேல் அவரிடம் அவள் பேசவே இல்லை. அன்று மட்டுமல்ல, பிறகு எப்போதும்.

மறுநாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை நான் இருபது லிட்டர் கேன்களை ஏற்றிக்கொண்டு போனேன். அவள் வாங்கிக்கொள்வாள், எனக்கு வணக்கம் சொல்வாள், உள்ளே போய்விடுவாள். ஆகஸ்டில் பெண் பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை. பிழைத்துக்கொண்டது. மழைக்காலம் வந்தால் மூச்சு வாங்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அது தண்ணீராலா என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

ஆச்சான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினார். யாரும் புகார் கொடுக்கவில்லை, அவரே அனுப்பினார். ஆய்வை அவரிடமிருந்து எடுத்து இளைய பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். கட்டுரை வெளிவந்தபோது தன் பெயரை நீக்கச் சொல்லிவிட்டார். அதில் ஒரு வரைபடம் உண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். எது கோப் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டார்கள். ஆறு வருடம் கழித்து வந்தது.

ஆச்சான் ஓய்வுபெறும்வரை பாடம் நடத்தினார். பான் நா தோனுக்கு மட்டும் போகவில்லை. நான் போய்வந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்: "பொண்ணு எப்படி இருக்கா?" நன்றாக இருக்கிறாள் என்பேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எடையையும் தேதியையும் எழுதிக்கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். தகனத்துக்குப் பான் நா தோனிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். உள்ளங்கையில் கரும்புள்ளியுள்ள கிழவர்கள், அவர் எண் போட்டுச் சேர்த்துக்கொண்ட தாய்மார்கள், அந்த நாத்தனார்கூட. மாலிவன் வரவில்லை. வேன் அவள் வீட்டு வழியாகத்தான் வந்ததாம். யார் யார் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாளாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தகனத்தன்று கொடுக்கும் நினைவு மலருக்கு என்னையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். வண்டி சேற்றில் சிக்கியபோது ஆச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு தள்ளியதை எழுதிக் கொடுத்தேன். படித்தவர்கள் சிரித்தார்கள். நல்ல மனுஷி என்றார்கள். அதுவும் உண்மைதான்.