ஒரே பக்கக் குறிப்பு

அந்த அலுவலகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் சம்மன் அக்கா. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறை அவளுடையது. இருபத்தாறு வருட வேலை. சாட்சிகளுக்குச் சம்மன் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, வராதவர்களைத் தேடிப் போய்ப் பேசுவது, வந்தவர்களை நீதிமன்ற வராந்தாவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத் தைரியம் சொல்வது. சட்டப் புத்தகத்தில் இந்த வேலைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அவள் ஒரு நாள் லீவு போட்டால் மாடியில் பாதி வழக்குகள் படுத்துவிடும்.

யாராவது புதிதாக வந்து "மேடம்" என்று இழுத்தால், "மேடம் எல்லாம் மாடியில இருக்காங்க. இங்க இருக்கிறது அக்காதான். உட்காருங்க" என்பாள். பயந்து வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள். சிரித்த பிறகு பேச்சு தானாக வரும். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே கால் நூற்றாண்டை ஓட்டிவிட்டாள் என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச ஆள் கிடைக்காமல் அவள் வாயைக் கிளறிக்கொண்டே இருப்பார்.

ஐந்து வருடத்துக்கு முன்பு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. குற்றம் நடந்த பிறகு வழக்கு நடத்தினால் மட்டும் போதாது, ஊர்க்காரர்களோடு சேர்ந்து பாதுகாப்புக்கும் வழி செய்ய வேண்டுமாம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூட்டம். காவல் ஆய்வாளர், பள்ளித் தலைமையாசிரியை, மருத்துவமனைச் செவிலியர், வணிகர் சங்கச் செயலாளர், மின் துறை ஆள், பிறகு யார் வேண்டுமானாலும் வந்து குறை சொல்லலாம். வணிகர் சங்கச் செயலாளருக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். கையில் மைக் கிடைத்தால் கீழே வைக்க மாட்டார்.

முதல் வருடம் கூட்டம் வெறும் தேநீரோடு முடிந்தது. சொன்னதையே சொன்னார்கள், கேட்டதையே கேட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் சம்மன் அக்கா குறிப்பெழுதும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். என்ன குறை, யார் சொன்னது, யார் செய்ய வேண்டும், என்றைக்குள். நான்கு கட்டங்கள். 'யார் சொன்னது' என்ற கட்டம் அவள் சொந்த யோசனை. ஆள் இல்லாத குறையை அதிகாரிகள் சுலபமாகத் தட்டிக் கழித்துவிடுவார்கள், ஆள் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவள் கணக்கு. இன்னொரு விதியும் வைத்திருந்தாள். குறிப்பு ஒரே பக்கம்தான். ஒரு குறைக்கு ஒரு வரி. "ரெண்டாவது பக்கத்தைத் திருப்பின அதிகாரியை நான் இன்னும் பார்க்கல" என்பாள்.

அது வேலை செய்தது. பள்ளி வாசலில் வேகத்தடை வந்தது. மருத்துவமனைப் பின்கதவுக்குப் பூட்டு வந்தது. குறிப்பின் நகல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் போகும். வணிகர் சங்கத்துப் பலகையில் ஊசி குத்தித் தொங்கும். அரசு வக்கீல் மேலதிகாரிகள் முன்னால், "எங்க அக்கா எழுதினா ஒரு சொல் விடுபடாது" என்று சொல்லுவார். அவளுக்குப் பெருமை பிடிபடாது. பெருமைப்பட அந்த வேலையில் வேறு என்ன இருந்தது?

போன வருடம் பேருந்து நிலையத்துப் பின்சந்தில் ஒரு பழ வண்டிக்காரரை அடித்துப் போட்டார்கள். இரவு ஏழரை மணி. பின்னாலிருந்து கம்பியால் அடித்ததில் ஒரு கண் போய்விட்டது. அடித்தது யார் என்று அவருக்கே தெரியாது. ஊருக்குத் தெரியும். பேருந்து நிலையத்தைச் சுற்றி எந்த வண்டி எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்கிற அண்ணன் தம்பி இருவர். தெரிந்து என்ன, கண்ணால் பார்த்தவர் வேண்டுமே.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். சந்துக்கு நேர் எதிரே, குடைக்குக் கீழே உட்கார்ந்து சாவி செய்கிறவர். நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசாதவர். எழுதப் படிக்கத் திக்கித் திணறுவார், ஆனால் ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்த சாவியின் பல்லை மறக்க மாட்டார். சம்மன் அக்கா மூன்று வாரம் அவரிடம் நடந்தாள். வீட்டுச் சாவிக்கு நகல் வேண்டும் என்று முதல் நாள். பீரோச் சாவிக்கு இரண்டாம் நாள். மூன்றாம் முறை அவரே கேட்டுவிட்டார்.

"அக்கா, உங்க வீட்டுல எத்தனை கதவுதான் இருக்கு?"

"இருக்கிறது ரெண்டுதான் தம்பி. நீங்க வாயைத் திறக்கிற வரைக்கும் நான் கதவு கட்டிக்கிட்டே இருப்பேன்."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். சந்தின் பக்கம் கையைக் காட்டினார். "எனக்குப் பொண்ணு இருக்கு அக்கா. இதே வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுது."

"தெரியும். அதுக்காகத்தான் சொல்றேன். அவங்க வெளியில இருந்தா அந்த வழி யாருக்குமே நல்லதில்ல. நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. உங்க வார்த்தையை ஒருத்தரும் மாத்த முடியாது. நான் இருக்கேன்ல."

அந்த 'நான் இருக்கேன்ல' என்ற சொல்லை நம்பித்தான் அவர் வாக்குமூலம் கொடுத்தார். சந்து விளக்கு வெளிச்சத்தில் இருவர் முகத்தையும் தெளிவாகப் பார்த்தேன் என்றார். அண்ணன் தம்பி இருவரும் உள்ளே போனார்கள்.

அடுத்த செவ்வாய்க் கூட்டத்துக்கு அவரை வரச் சொன்னதும் அவள்தான். பயம் போகட்டும், நாலு பேரோடு நாலு பேராக உட்காரட்டும் என்ற நல்லெண்ணம். கூச்சத்தோடு எழுந்து நின்றார். "ஞாயித்துக்கிழமையில இருந்து சந்து விளக்கு எரியலீங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் எரிஞ்சுது. பொம்பளப் புள்ளைங்க போற வழி. கொஞ்சம் பாருங்க" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பார்த்துக் கூட்டத்தில் பதினான்கு குறைகள். மைக் மட்டும் ஐந்து சொன்னார். சம்மன் அக்கா மறுநாள் தட்டச்சு செய்தபோது குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டி ஆறு வரி ஓடியது. வெட்டினாள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு சொல், மூன்று சொல் என்று கத்தரித்தாள். ஏழாவது வரி இப்படி நின்றது: 'பேருந்து நிலையப் பின்சந்து விளக்கு எரிவதில்லை. யார் சொன்னது: சாவி செய்பவர். யார் செய்ய வேண்டும்: மின் துறை. என்றைக்குள்: ஒரு வாரம்.' பக்கம் கச்சிதமாக முடிந்தது. கையால் எழுதிய கிறுக்கல் தாள்களை வழக்கம்போல் கிழித்துக் கூடையில் போட்டாள். குப்பை சேர்ப்பது அவளுக்குப் பிடிக்காது. அரசு வக்கீல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான்கே நாளில் விளக்கு எரிந்தது. சாவிக்காரர் அவளைத் தெருவில் பார்த்து, "சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்க அக்கா" என்றார்.

எட்டு மாதம் கழித்து விசாரணை வந்தது. வராந்தாவில் அவரை உட்கார வைத்து, எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னாள். "தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. பயமா இருந்தா கதவுப் பக்கம் பாருங்க. அங்க ஜன்னலோரப் பெஞ்சுல நான் உட்கார்ந்திருப்பேன்."

அரசு வக்கீல் கேட்டபோது நன்றாகவே சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கையில் ஒரே ஒரு தாள். அதை அவள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். நான்கு கட்டங்கள். மேல் மூலையில் ஊசி குத்திய ஓட்டை.

"சந்து விளக்கு எரியறதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேங்க. ஆனா அது..."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேங்க."

"எரியாத விளக்கு வெளிச்சத்துல ரெண்டு பேர் முகத்தைப் பார்த்திருக்கீங்க. அபாரமான கண்ணு."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாவிக்காரர் கதவுப் பக்கம் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், கையைக்கூட லேசாகத் தூக்கினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்று மாலை அரசு வக்கீல் அவள் அறைக்கே இறங்கி வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மின் துறைப் பதிவேட்டில் விளக்கைச் சரி செய்த தேதி இருந்தது, கெட்டுப்போன தேதி இல்லை. அந்தக் கட்டத்தில் 'கூட்டக் குறிப்பின்படி' என்று எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியைக்குத் தன் பள்ளி வாசல் பற்றிப் பேசியது மட்டும் ஞாபகம் இருந்தது. மைக்குக்குத் தான் பேசியது மட்டும். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லைக் காதால் கேட்டதாகச் சொல்ல அந்த அறையில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

"நீங்க கூண்டுல ஏறணும் அக்கா" என்றார்.

ஏறினாள். முதல் படி இவ்வளவு உயரமா? எத்தனை கிழவிகளை இதில் ஏற்றியிருக்கிறாள். உள்ளே ஒரு பலகை ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கதவுப் பக்கம் பார்த்தாள். ஜன்னல் வெயில் முகத்தில் அறைந்தது. பெஞ்சும் தெரியவில்லை, பெஞ்சில் இருப்பவரும் தெரியவில்லை. வெறும் வெள்ளை வெளிச்சம். இருபத்தாறு வருடமாக, பயந்தவர்களையெல்லாம் அவள் பார்க்கச் சொன்னது இதைத்தான். ஒருவர்கூட, 'அக்கா, நீங்க தெரியல' என்று அவளிடம் சொன்னதில்லை. மனசு வருத்தப்படுமே என்று விட்டிருப்பார்கள்.

"மேடம்," என்றார் எதிர்த்தரப்பு வக்கீல் தேன் ஒழுக. "உங்க குறிப்புல ஒரு சொல் விடுபடாதுன்னு பேர். சரிதானே?"

"அன்னிக்கு விட்டுட்டேன்."

"என்ன விட்டீங்க?"

"ஞாயித்துக்கிழமையில இருந்துன்னு சொன்னார். இடம் இல்லன்னு வெட்டிட்டேன்."

"நாலு வருஷக் குறிப்புல வேற எங்கெல்லாம் வெட்டினீங்க?"

"ஞாபகம் இல்ல."

"இது மட்டும் ஞாபகம் இருக்கு. கையால எழுதின தாள் இருக்கா?"

"கிழிச்சுட்டேன்."

"நீங்க வேலை பார்க்கிறது எந்த ஆபீஸ் மேடம்?"

அவள் சொன்னாள். அவர் நீதிபதியைப் பார்த்து லேசாகக் குனிந்துவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

சந்தேகத்தின் பலனை அளித்து இருவரையும் விடுவித்தார்கள். பழ வண்டிக்காரர் தீர்ப்பைக் கேட்டுவிட்டு, நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சம்மன் அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். அவர் வாங்கவில்லை.

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். தட்டில் சாப்பாட்டைப் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறிப்போன பிறகு எடுத்து மூடி வைத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் பேருந்து நிலையத்துக்குப் போனாள். சாவிக்காரர் குடையை மடக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். சாவிகள் கொத்துக் கொத்தாகத் தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. சந்தில் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் யார் நின்றாலும் முகம் தெரியும். நேற்று அந்தச் சுவரில், விடுதலையாகி வந்த அண்ணன்காரன் வெகுநேரம் சாய்ந்து நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பக்கத்துக் கடைக்காரர் அவளிடம் மெல்லச் சொன்னார்.

"தம்பி" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அவசரமாகத் தோளில் கிடந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க மேடம்."

மேடம் எல்லாம் மாடியில இருக்காங்க. அந்த வசனம் நாக்கு நுனி வரை வந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க தம்பி. நான்தான்..."

"பரவால்லீங்க மேடம். நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" குரலில் கோபமே இல்லை. பெட்டியை மூடிப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"பொண்ணுக்குப் பள்ளிக்கூடம்?"

"போற ஊர்ல பார்த்துக்கலாம்."

"எங்க போறீங்க? ஏதாவது ஒண்ணுன்னா நான்..."

சாவிக்காரர் பெட்டியைத் தலைக்குத் தூக்கினார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அது மட்டும் கேக்காதீங்க மேடம். நீங்க கேட்டா நான் சொல்லிடுவேன். நீங்க எங்கயாவது எழுதி வெச்சிடுவீங்க."

அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் விளக்கு வெளிச்சம் படாத பக்கமாக நடந்து போனார்.