ஓடுறவ தாங்குவா

இஞ்சி நசுக்கிய கையின் எரிச்சல்... பௌர்ணமி என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். நிலாவெல்லாம் அப்புறம்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி அப்பாவுக்கு டீக்கடை. மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டினாலும் பௌர்ணமி ராத்திரி வீட்டைத் தூக்கி நிறுத்திவிடும். அன்றைக்கு எங்களில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

யாருக்கும் என்றா சொன்னேன்? அண்ணன் சர்க்கரை மூட்டை மேல் சாய்ந்து குறட்டை விடுவான்.

அப்போது நான் பத்தாவது. எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் எங்கள் பள்ளியில் என்னை முந்த ஆளில்லை. பீற்றிக்கொள்ளவில்லை, நிஜம். அதனால் எனக்கு வந்து சேர்ந்தது தண்ணீர்க் குடம். தெருமுனைக் குழாய்க்கும் கடைக்கும் விடிய விடிய நடை. அவனையும் எழுப்பும்மா என்றால், "அவனுக்குத் தாங்காது. நீ ஓடுறவ, தாங்குவ" என்பாள் அம்மா.

கொடுமைக்காரி இல்லை, பாவம். அப்படித்தான் நம்பினாள். நானும் நம்பினேன்... காலில் பலம் இருந்தால் கண்ணுக்கும் இருக்கும் என்று.

அந்த வருஷம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். தேறினால் தங்க இடம், சாப்பாடு, கோச் எல்லாம் கிடைக்கும். ராத்திரியெல்லாம் அதைத்தான் கனவு கண்டேன். ஆனால் தேர்வு வந்து விழுந்தது பௌர்ணமிக்கு மறுநாள் காலையில்.

கொஞ்சம் கண்ணயரலாம் என்று மூட்டை ஓரம் ஒதுங்கினேன். குடம் காலி என்று அம்மாவின் குரல். எழுந்துவிட்டேன்.

கடையிலிருந்து நேராக டவுன் பஸ், மைதானம். என் ஓட்டத்துக்கு நேரம் இருந்தது. ஷூ லேஸ் கட்டப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன்...

பி.டி. மிஸ் உலுக்கி எழுப்பியபோது முகத்தில் வெயில். ஒரு ஷூவில்தான் லேஸ் கட்டியிருந்தது.

"எங்கெல்லாம் தேடறது உன்ன? பேர் கூப்ட்டு, ஓடியும் முடிச்சிட்டாங்கடி."

திட்டக்கூட இல்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கடையில் அப்பா பாய்லரைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். பாய்லரைக் கழுவி முடித்துத் துடைத்தார். பிறகு, "போ, போய்த் தூங்கு" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தும் கண் மூடவில்லை.

கடை இப்போது என் கையில். என் மகளும் எண்ணூறு மீட்டர்தான். அவள் கோச் வாட்ஸப்பில் அனுப்புவதெல்லாம் தூக்கத்தைப் பற்றித்தான். போனைத் தள்ளி வை, நேரத்துக்குப் படு, தூக்கமும் பிராக்டீஸ்தான்... அன்றைக்கு இதை யாராவது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்.

நேற்று பௌர்ணமி. இன்று அவளுக்கு மாவட்டப் போட்டி. குடம் தூக்கியது என் அண்ணன். நன்றாகவே தாங்குகிறான்.

வாடிக்கையாக வருகிறவர்கள் பெண் எங்கே, ஒத்தாசைக்குக் காணோமே என்று கேட்டார்கள். "தூங்குறா" என்றேன். கேட்ட ஒவ்வொருவருக்கும் சத்தமாகச் சொன்னேன்.

காலையில் பையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. டம்ளர் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ தூங்கினியாம்மா?"

பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். முட்டி வலிக்கிறது, கண் எரிகிறது, படுக்கவும் தோன்றாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.