குழியில் நின்ற குண்டு

டிவி, இன்வெர்ட்டர் போர்டுகளைச் சரிசெய்வது என் தொழில். அரிமளத்தில் ஓர் அக்கா, தன் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய பின்பால் மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். கண்ணாடிக்கு அடியில் ஓடும் இரும்புக் குண்டை, கீழே விழாமல் மட்டைகளால் தட்டிக்கொண்டே இருக்கும் விளையாட்டு அது.

“அவுக விளையாடிக்கிட்டு இருக்கையிலேயே நின்னுபோச்சு தம்பி. நாளைக்குப் பாத்துக்கிறேன்னு படுத்தாக. எந்திரிக்கவே இல்ல,” என்றார்.

பவர் சப்ளை போர்டில் பெரிய கெப்பாசிட்டர் உப்பிக் கிடந்தது. பக்கத்து டயோடு கருகியிருந்தது. இரண்டையும் மாற்றி, வோல்டேஜ் அளந்து பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் எரிந்தன. உடனே, அன்றைக்கு மேலே ஒரு குழியில் நின்றுபோன குண்டை மெஷின் உதைத்து வெளியே தள்ளியது. கரண்ட் வந்ததும் அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஓர் எட்டு பின்னால் நகர்ந்தேன்.

“அவுக விட்ட குண்டு!” அக்கா ஓடிவந்து, மட்டைகளை ஆட்டும் இரண்டு பக்கப் பொத்தான்களையும் அழுத்தினார். புது ஆட்டம் தொடங்காமல் மட்டைகள் அசையாது. குண்டு அவற்றின் நடுவே மெதுவாக இறங்கி மறைந்தது.

“அணைச்சிரவாக்கா?”

“வேணாம். எரியட்டும்.”

நான் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதும் அவர் பொத்தான்களிலிருந்து கையை எடுக்கவில்லை.