ராஜலக்ஷ்மி மாமி எடுத்துக் கொடுத்த தொப்பி

வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தொப்பி எடுத்துக் கொடுப்பதுதான் ராஜலக்ஷ்மி மாமிக்கு வேலை. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத மாமிக்கு இப்படி ஓர் உத்தியோகம் வாய்த்ததை நினைத்து நானும் மாமியும் காரில் போகும்போது வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்தபோது சான் அன்டோனியோவில் எண்ணெய்க் கம்பெனியில் இருந்த மாமியின் கணவருக்கு வேலை போயிற்று. மனுஷர் அன்றைக்கு சோபாவில் உட்கார்ந்தவர்தான், ஒரு வருஷம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. மாமி விண்ணப்பம் போட்ட பத்து இடங்களில் கூப்பிட்டது ஒரே இடம், ஃப்ரீவே ஓரத்தில் இருந்த ஒரு வேட்டைச் சாமான் கடை. முதலில் சட்டை மடித்து வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் தொப்பிப் பகுதி முழுவதும் மாமி கைக்கு வந்துவிட்டது. மாமிக்கு டிரைவிங் தெரியாது. காலையில் கொண்டு விடுவதும் மாலையில் அழைத்து வருவதும் நான்தான். எங்களோடு கோவில் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் மட்டும் துணிக்கடையில் வேலை என்று சொல்லி வைத்திருந்தோம். அது முழுப் பொய்யும் இல்லை.

டெக்சஸ்காரர்களுக்கு சஃபாரி போக ஆப்பிரிக்கா வேண்டாம். காரில் இரண்டு மணி நேரம் போனால் மலைப்பக்கத்துப் பண்ணைகள். நம் ஊர் வெளிமானையும் புள்ளிமானையும் கொண்டுவந்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர விட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு சுட விடுவார்கள். அதற்குக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கிக்கு ஆறு மாதம் யோசிப்பார்கள், பூட்ஸுக்கு ஆறு கடை ஏறுவார்கள். தொப்பியை மட்டும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். மாமிக்கு அதுதான் ஆகாது.

மாமி கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுவார். முதலில் கேள்விகள். ஜீப்புக்கு மேல்மூடி உண்டா, மூக்குக்கண்ணாடி போடுவீர்களா, காலையில் போவீர்களா, உச்சி வெயிலிலா. அப்புறம் தொப்பியைக் கசக்கிச் சுருட்டி, ஸ்டூலில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். எழுந்த பிறகு பழைய வடிவத்துக்கு வராத தொப்பி திரும்ப அலமாரிக்குத்தான் போகும். ஒரு டம்ளர் தண்ணீரை உச்சியில் ஊற்றிப் பார்ப்பார். கடைசியாக மேஜை விசிறிக்கு எதிரில் நிற்க வைத்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்வார். ஆறடி உயர டெக்சஸ்காரர்கள் எல்லாம் புடவை கட்டிய மாமி சொன்னதற்காக விசிறிக்கு முன்னால் நின்று தலையாட்டுவதைப் பார்க்கவே நான் சில நாள் சீக்கிரமாகப் போய்விடுவேன்.

"மான் செத்தா அது அவா பாடு ஷ்யாமளா, அவா மண்டை காயாம பார்த்துக்கறது என் பாடு," என்பார் மாமி.

இந்த வேலை மாமிக்கு வயிற்றுப்பாடு. அவர் உயிர் இருந்தது வேறு ஓர் இடத்தில். எங்கள் ஊர்த் தமிழர்கள் கூடி ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கிப் பிள்ளையாருக்கு ஒரு சின்னக் கோவில் கட்டிக்கொண்டிருந்தோம். அது எழும்பும்வரை மாதம் ஒரு ஞாயிறு வாடகை ஹாலில் பூஜை. ஐந்து வருஷமாக அந்த ஞாயிறுகளில் நைவேத்தியமும் சமையலும் மாமியுடையது. நான் கூட மாட நிற்பேன். குழந்தைகள் இல்லாத மாமிக்கு, வாய் திறந்து பேசாத புருஷனோடு இருந்த மாமிக்கு, அந்த அடுப்படியில்தான் முகம் மலரும். எண்பத்தேழு ஜூனில் கும்பாபிஷேகம். புதுக் கோவிலில் பிள்ளையாருக்கு முதல் சர்க்கரைப் பொங்கல் தன் கையால் என்பதை மாமி ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கோவில் கமிட்டித் தலைவர் டாக்டர் சிவராமகிருஷ்ணன். இதய டாக்டர், ஊரில் பெரிய பெயர். பூஜை முடிந்ததும் எங்களை உட்கார வைத்து, அமெரிக்காவில் ஆசாரம் எப்படிக் கெட்டுக்கொண்டு வருகிறது என்று இருபது நிமிஷம் பேசுவார். என் கணவர் மகாதேவன் அவருடைய ஆஸ்பத்திரியில்தான் எக்ஸ்ரே டெக்னீஷியன். எங்கள் கிரீன் கார்டுக்கு டாக்டர் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அந்த இருபது நிமிஷமும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாமியை அழைத்துவரப் போயிருந்தேன். தொப்பிப் பகுதியில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் யாரோ, சஃபாரித் தொப்பி என்றால் அந்தக் கடையில் 'ராஜி'யைப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். ராஜி யாரென்று தெரிந்ததும் மனுஷருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மாமி, நீங்க இங்கேயா?" என்றார். பிறகு என்னையும் பார்த்தார். "நான் சுடப் போறதில்லை. ஆஸ்பத்திரி போர்டுல எல்லாரும் ட்ரிப் போறா. வரலைன்னு சொன்னா தப்பா எடுத்துப்பா. சும்மா கூடப் போயிட்டு வரேன்."

"சுடறவருக்கும் பார்க்கறவருக்கும் வெயில் ஒண்ணுதான்," என்றார் மாமி. "தலையைக் காட்டுங்கோ."

டாக்டர் அதற்குள் ஒரு பெரிய வெள்ளை கௌபாய் தொப்பியை எடுத்து வைத்திருந்தார். மாமி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இது போட்டோவுக்கு நன்னா இருக்கும், காட்டுக்கு ஆகாது. இவ்வளவு அகல விளிம்பு முள்ளுல மாட்டிக்கும். துப்பாக்கியைத் தோள்ல வெச்சுக் குனிஞ்சா முன்னாடி இடிக்கும். வெள்ளை வேற. மான் அரை மைல்லேர்ந்தே பார்த்துட்டு ஓடிடும்."

"மான் ஓடினா நல்லதுதானே மாமி," என்று டாக்டர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. டேப்பால் அவர் தலையை அளந்து, ஒரு சுற்றுப் பெரிதாகவே ஒன்றை எடுத்தார். வெயிலில் தலை கொஞ்சம் உப்பும் என்பது அவர் கணக்கு. காய்ந்த புல் நிறத்தில் கெட்டித் துணித் தொப்பி. விளிம்பு மூன்று விரற்கடை. மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் இருக்க விளிம்பின் அடிப்பக்கம் கரும்பச்சை. காற்றுப் போக இரண்டு பக்கமும் துளைகள், திறந்த ஜீப்பில் பறக்காமல் இருக்கத் தாடைக்குக் கயிறு. அதன்மேலும் மாமி உட்கார்ந்து எழுந்தார், தண்ணீர் ஊற்றினார். எங்கள் கமிட்டித் தலைவர் விசிறிக்கு முன்னால் நின்று சமர்த்தாகத் தலையாட்டினார்.

போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது நமக்குள்ளேயே இருக்கட்டும். நீங்க இங்க இருக்கறதையும் நான் யார்கிட்டயும் சொல்லலை. நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தா நான் இருக்கேன் மாமி, கவலைப்படாதேங்கோ."

"கடைக்கு வந்தவா என்ன வாங்கினாங்கறதை வெளில சொல்ற வழக்கம் எனக்கில்லை," என்றார் மாமி.

மார்ச்சில் அந்த ட்ரிப் போய்வந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் பாதிப்பேருக்கு மூக்குத் தோல் உரிந்திருந்ததாம். டாக்டருக்குப் பின்கழுத்துக்கூடக் கறுக்கவில்லை. அவர்கள் ஓய்வறையில் மாட்டியிருந்த போட்டோவை மகாதேவன் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். செத்துக் கிடந்த வெளிமானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, தொப்பியும் சிரிப்புமாக டாக்டர். சும்மா கூடப் போனவர். நான் மாமியிடம் போய்ச் சொன்னேன்.

 "தொப்பி சரியா உக்காந்திருந்ததாமா?" என்று கேட்டார் மாமி.

ஏப்ரலில் வந்தது வினை. கடைக்காரருக்கு மாமி மேல் இருந்த பெருமையில், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கால் பக்க விளம்பரம் கொடுத்துவிட்டார். புடவையில் மாமி, கையில் தொப்பி, பின்னால் சுவரில் வரிசையாக மான் தலைகள். 'சஃபாரி போகிறீர்களா, ராஜியைக் கேளுங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மாமி அதைக் கத்தரித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். பேப்பரில் தன் முகம் வந்தால் யாருக்குத்தான் ஆசையாக இருக்காது. அதையேதான் கஸ்தூரிரங்கனும் கத்தரித்து வைத்திருந்தார். அவர் கமிட்டிச் செயலாளர்.

அந்த மாதப் பூஜை முடிந்து சாப்பாடும் ஆனபின் கமிட்டி கூடியது. கஸ்தூரிரங்கன் விளம்பரத்தை எல்லார் கைக்கும் அனுப்பினார். இந்தியாவிலிருந்து சிவாச்சாரியார்கள் வரப்போகிறார்கள், இந்த நிலைமையில் கும்பாபிஷேக நைவேத்தியத்தை யார் பண்ணுவது என்று முடிவு செய்ய வேண்டும் என்றார். மாமி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயமே இல்லை. டாக்டர் பேச எழுந்தபோது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் நான் இருக்கிறேன் என்று சொன்னவர் அல்லவா.

"பர்சனலா எனக்கு மாமி மேல ரொம்ப மரியாதை," என்று டாக்டர் ஆரம்பித்தார். "ஆனா இது ஸ்வாமி விஷயம். ஜீவஹிம்சைக்குத் துணை போற எடத்துல சம்பளம் வாங்கற கை நைவேத்யம் பண்ணலாமான்னு சிவாச்சாரியார்கள் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அந்த மாதிரிக் கடை வாசப்படியைக்கூட நான் மிதிச்சதில்லை."

 கூசாமல் சொல்கிறார் மனுஷர், அதுவும் மாமி முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். மாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆஸ்பத்திரி ஓய்வறையில் ஒரு போட்டோ இருக்கிறது என்று. சொல்லவில்லை. அவர் கண் டாக்டரை விட்டு மெதுவாக நகர்ந்து என்னிடம் வந்தது. அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்த மூன்றாவது ஆள் நான்தான்.

"மாமியே பண்ணலாம்னு நினைக்கறவா கையைத் தூக்கலாம்," என்றார் டாக்டர்.

பத்மராணி அக்கா ஒருத்திதான் தூக்கினாள். யாழ்ப்பாணத்துக்காரி, நர்ஸ். "மாமி என்ன பிழை விட்டவா? தொப்பிதானே வித்தவா, துப்பாக்கி பிடிச்சவாவே?" என்று கேட்டாள். 

என் கை மடியில் இருந்தது. மகாதேவன் என்னைத் தடுக்கவில்லை, முழங்காலை அழுத்தவில்லை, ஜாடை காட்டவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இத்தனை வருஷமாக அவர் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டு, என் கையை நானேதான் மடியில் வைத்திருந்தேன். டாக்டரைத் திட்ட எனக்கு இன்றைக்கும் வாய் வலிக்காது. ஆனால் டாக்டர் மாமிக்கு யாரோ. நான் அப்படி இல்லை.

"அப்போ ஷ்யாமளாவே பண்ணிடட்டும்," என்றார் கஸ்தூரிரங்கன். "மாமிகிட்ட கூட இருந்து பழகினவதானே." நான் தலையை ஆட்டினேன். அதையும் நான்தான் செய்தேன்.

திரும்பி வரும்போது காரில் மாமி வழக்கம்போல முன்சீட்டில்தான் உட்கார்ந்தார். வீட்டு வாசலில் இறங்கும்முன் ஒன்றே ஒன்று கேட்டார். "மகாதேவனுக்கு லெட்டர் வந்துடுமோன்னோ?"

"வந்துடும் மாமி," என்றேன்.

"வரட்டும்," என்று இறங்கிப் போனார். மறுநாள் காலை போன் செய்து, கடைக்காரரின் மனைவி அந்த வழியாகத்தான் வருகிறாள், இனிமேல் நீ அலைய வேண்டாம் என்றார். குரலில் கோபம் துளிக்கூட இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி அழுது தீர்த்திருப்பேன்.

மே மாதம் கடிதம் வந்தது. ஜூனில் சிவாச்சாரியார்கள் வந்தார்கள். யாரும் யாரையும் எந்தக் கடையில் வேலை என்று கேட்கவில்லை.

கும்பாபிஷேகத்தன்று காலை புதுச் சமையலறையில் நான் தனியாக நின்றேன். எதிரே இருபது பவுண்ட் அரிசி. ஐந்து வருஷம் கூட நின்று ஏலக்காய் உரித்திருக்கிறேன், முந்திரி வறுத்திருக்கிறேன், தண்ணீர் அளவை மட்டும் ஒருநாளும் கவனித்ததில்லை. அதெல்லாம் மாமி கண்ணாலேயே பார்த்து ஊற்றிவிடுவார். வேறு யாரைக் கேட்பது. கமிட்டி அறைக்குப் போய் மாமிக்கு போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"மாமி, நான் ஷ்யாமளா. இருபது பவுண்ட் அரிசிக்குத் தண்ணி எவ்வளவு விடணும்?"

 போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைத்திருக்கலாம்.

"என்ன அரிசி? சாக்குல என்ன போட்டிருக்கு, பார்த்துச் சொல்லு," என்றார். சொன்னேன். "அப்படின்னா ஒண்ணுக்கு அஞ்சு விடு. பருப்பை வறுத்துக்கோ, கருகவிடாதே. வெல்லத்தை அப்படியே போட்டுடாதே, தனியாக் கரைச்சு வடிகட்டு. ஹூஸ்டன்லேர்ந்து வர்ற வெல்லத்துல மண்ணு இருக்கும், ஸ்வாமி பல்லுல நறநறங்கும். வெல்லம் போட்டப்புறம் இறுகும், அதனால முன்னாடியே கொஞ்சம் தளர இருக்கட்டும். எழுதிண்டியா?"

"எழுதிண்டேன் மாமி."

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது.  மாமி காத்திருந்தார். கையில் அடுப்பு வேலை இருக்கிறவள் என்று நினைத்து அவசரப்படுத்தவும் இல்லை, போனை வைக்கவும் இல்லை. முழுசாக ஒரு நிமிஷம் எனக்குக் கொடுத்தார்.

"இல்லை மாமி," என்றேன்.